சந்தைக்கு முன்பே தீர்ந்த சீசா

மருந்து கட்டும் மேஜைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களோடு இன்று கொஞ்சம் பேசலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். நான் பெரிய படிப்புப் படித்தவனல்ல. எட்டாவது முடித்ததும் ராசிபுரம் பக்கத்தில் ஒரு தர்மாஸ்பத்திரியில் கம்பவுண்டர் வேலைக்குச் சேர்ந்து, தலை நரைக்கும்வரை அங்கேயே இருந்தவன். காலையில் நெற்றியில் திருநீறு இட்டு, செங்கோட்டு மலை முருகனை நினைத்துக்கொண்டுதான் முதல் சீசாவைத் திறப்பேன். அது பயத்தினால் வந்த பழக்கம். அந்தப் பயம் ஏன் வந்தது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

எப்போதும் ஒரே அளவாகக் கொடுக்கும் மருந்துக்குக் கணக்கு எளிது. வேளையை நாளால் பெருக்கினால் முடிந்தது. சீசாவின் பக்கத்தில் காகிதத்தைப் பல் பல்லாகக் கத்தரித்து ஒட்டிவிடுவோம். ஒரு பல் ஒரு வேளை. எழுத்தே தெரியாதவரும் தப்பில்லாமல் குடித்துவிடுவார். சிறுகச் சிறுக ஏற்றிக் கொடுக்க வேண்டிய மருந்துக்கு அந்தக் காகிதம் உதவாது. முதல் நாள் அளவை வைத்துக் கணக்குப் போட்டால் மருந்து பாதியில் தீரும். கடைசி நாள் அளவை வைத்துப் போட்டால் மிச்சம் வீட்டிலே தங்கும். அந்த மருந்தில் பாஷாணம் கலந்திருந்தால், குழந்தை விளையாடும் வீட்டில் நல்லபாம்பை உறியில் வைத்த மாதிரிதான். ஆகையால் ஒவ்வொரு படியையும் தனித்தனியாகப் பெருக்கி, பிறகு கூட்டி, சிந்திப்போவதற்கென்று துளி சேர்த்து, அதற்குமேல் ஒரு சொட்டும் கொடுக்காமல் அனுப்ப வேண்டும். இதை உங்களுக்குப் பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுத்திருப்பார்கள். கணக்கு சரியாக இருந்தும் நெஞ்சு படபடத்த ஒரு நாளைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இரண்டாவது யுத்தம் வருவதற்குச் சில வருஷங்கள் முன்பு, ஒரு பங்குனி மாதம். செங்கோடன் என்ற குடியானவரும் அவர் சம்சாரம் பாவாயியும் ஒன்பது வயதுப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். பெண்ணின் பேர் காவேரி. அந்தக் குழந்தையின் கையும் காலும் ஒரு நிமிஷம் சும்மா இருக்கவில்லை. தோள் குலுங்கும், முகம் சுளிக்கும், விரல்கள் காற்றில் எதையோ பிடிக்கப் போகும். டம்ளரைக் கொடுத்தால் தண்ணீர் மேலெல்லாம் கொட்டிக்கொள்ளும். சேட்டை என்று நினைத்து வாத்தியார் பிரம்பால் விளாசியிருக்கிறார். பேய் என்று நினைத்து யாரோ மந்திரித்தும் இருக்கிறார்கள்.

எங்கள் டாக்டர் குழந்தையின் மார்பில் குழாயை வைத்துக் கேட்டார். நாக்கை நீட்டச் சொன்னார். நீட்டிய நாக்கு நிற்காமல் உள்ளே ஓடியது. "இது சேட்டையுமில்லை, பேயுமில்லை. நரம்பு ஓயாமல் துடிக்கிற நோய்" என்றார். அந்தக் காலத்தில் அதற்குப் பாஷாணத் திராவகம்தான் கொடுப்பார்கள். சோறு உண்டபின் மூன்று வேளையும் மூன்று மூன்று சொட்டு, நான்கு நாளைக்கு ஒரு முறை ஒவ்வொரு சொட்டாக ஏற்ற வேண்டும். கண் இமை உப்பினாலோ, வயிற்றைப் புரட்டினாலோ அந்த நிமிஷமே நிறுத்த வேண்டும். டாக்டர் இதைப் புருஷன் பெண்சாதி இருவரையும் எதிரே உட்காரவைத்து, திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டார். இரண்டு பேரும் தப்பில்லாமல் சொன்னார்கள். வாரச் சந்தை இரண்டு கழித்து வரச்சொல்லி, அதுவரைக்குக் காணும்படி நான் மருந்து அளந்து, சொட்டு விடக் கண்ணாடிக் குழாயும் சேர்த்துக் கொடுத்தேன்.

முதல் சந்தையன்று செங்கோடன் மட்டும் எட்டிப் பார்த்து, "கை கொஞ்சம் அடங்கியிருக்குதுங்க. டம்ளர்ல பாதித் தண்ணி வாய்க்குப் போகுதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவு சந்தோஷப்பட்டு ஒரு மனுஷன் பாதி டம்ளரைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

இரண்டாவது சந்தைக்கு இன்னும் நாள் இருந்தது. ஒரு காலையில் அதே செங்கோடன் வந்து நின்றார். ஆஸ்பத்திரியில் கூட்டம் இல்லை. டாக்டர் காலரா கண்ட ஊர்களைப் பார்க்கக் கொல்லிமலை அடிவாரத்துக்குப் போயிருந்தார். மறுநாள் மத்தியானம்தான் திரும்புவார்.

"மருந்து தீரப் போகுதுங்க சாமி. ரெண்டு வேளைக்குத்தான் வரும். இன்னொரு சீசா குடுத்தீங்கன்னா, வெயிலுக்கு மிந்தி ஊரு போய்ச் சேந்துருவேன்."

"சீசா எங்கே?"

"அதைக் கொண்டார முடியிலீங்க. ஊர்ல மாரியாத்தாளுக்குப் பூச்சாட்டியிருக்குது. கம்பம் நட்டாச்சு. நோம்பி முடியற வரைக்கும் இங்கிலீஷ் மருந்து ஊட்டுக்குள்ள ஆகாதுன்னு எங்க அண்ணன் சொல்லிப்போட்டாருங்க. அவருதான் காப்புக் கட்டியிருக்கறாரு. சீசாவை மாட்டுக் கொட்டாய்ல கூரையில சொருகி வெச்சிருக்குதுங்க."

உங்களில் வேறு ஊர்க்காரர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் மாரியம்மன் நோம்பிக்குப் பூச்சாட்டிவிட்டால், கோயில் முன் நட்ட கம்பத்தைப் பிடுங்கி ஆற்றில் விடும்வரை ஊரே ஒரு விரதத்தில் இருக்கும்; கையில் காப்புக் கட்டியவர் முறை தவறாமல் பார்த்துக்கொள்வார். வீட்டில் தாளிக்க மாட்டார்கள். ஊரைவிட்டு வெளியே போனவர் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட வேண்டும். நானும் அந்த முறையில் வளர்ந்தவன்தான். அதில் எனக்கு ஏளனம் கிடையாது.

"அப்படியென்றால் மருந்தை நிறுத்திவிட்டீர்களா?"

செங்கோடன் வெளியே எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஊட்டுல எல்லாரும் நிறுத்தியாச்சுன்னுதான் இருக்கறாங்க. எனக்கு மனசு கேக்கலீங்க. கை அடங்கற நேரத்துல எப்பிடீங்க விடறது? புள்ளையக் கொட்டாய்க்குக் கூட்டிட்டுப் போயி நானே விடறனுங்க. ஆத்தா கோவிச்சா என்ற மேல கோவிச்சுக்கட்டும்."

நான் மனக்கணக்குப் போட்டேன். அன்றைய தேதிக்கு, படிப்படியாக ஏற்றிக் கொடுத்திருந்தாலும், சீசாவில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் மிஞ்சியிருக்க வேண்டும். இரண்டு வேளைக்கு மட்டும் எப்படி?

"சிந்தினீர்களா?"

"இல்லீங்க. கை நடுங்கி ஒண்ணு ரெண்டு அதிகமா உழுந்திருக்குமாட்ட இருக்குது."

ஒன்று இரண்டு அதிகம் விழுந்து இவ்வளவு குறையாது. நான் மறுபடி கூட்டிப் பார்த்தேன். என் கணக்கில் பிழையோ, குறைத்து அளந்துவிட்டேனோ என்ற எண்ணமும் ஓடியது. கொடுத்துவிடலாம், மனுஷன் வெயிலில் நடந்து வந்திருக்கிறார், டாக்டரும் இல்லை என்று கை சீசாவை நோக்கிப் போகவே போனது. ஆனால் பழைய சீசாவைக் கண்ணால் பார்க்காமல் புதியது கொடுக்கக் கூடாது என்பது எங்கள் டாக்டரின் கட்டளை. கையை இழுத்துக்கொண்டு கேட்டேன்.

"பெண் எப்படி இருக்கிறாள்?"

"அதைத்தான் சொல்ல வந்தனுங்க. இன்னிக்குக் காலையில எந்திரிச்சப்ப மூஞ்சி கொஞ்சம் உப்பியிருந்துது. கண்ணுல தண்ணி. சோத்தைக் குமட்டுது. ஆத்தா பாத்துட்டாளாட்டம் இருக்குது, அம்மைதான்னு எங்க அண்ணன் வாசப்படியில வேப்பந்தழை சொருகிட்டாரு. நா ஒளிச்சுக் குடுத்த குத்தமோ என்னமோன்னு..."

அவர் சொன்ன ஒவ்வொன்றும் டாக்டர் நிறுத்தச் சொன்ன அடையாளம். அதோடு சீசாவில் குறைந்த அளவையும் சேர்த்துப் பார்த்தபோது ஒரே ஒரு கூட்டுத்தான் பொருந்தியது. நிறுத்திவிட்டார்கள் என்று இவர் நினைத்துக்கொண்டிருந்த அத்தனை நாளும், இவர் கொடுத்த அளவே இன்னொரு தடவையும் அந்தக் குழந்தையின் வயிற்றுக்குள் போயிருக்கிறது. இன்னொரு கை இருக்கிறது.

"காலையில் கொடுத்தீர்களா?"

"சோறு எறங்கலீங்களே. மத்தியானம் குடுக்கலாம்னு உட்டுட்டனுங்க."

இவர் விட்டுவிட்டார். அந்த இன்னொரு கை விட்டதா?

ஆஸ்பத்திரிப் பியூனின் சைக்கிளை வாங்கிக்கொண்டேன். டாக்டர் திரும்பியதும் தெரிவிக்கும்படி விஷயத்தை அவனிடம் சொல்லிவைத்தேன். செங்கோடன் அதுவரை சைக்கிளில் ஏறியதில்லை. பின்னால் உட்காரவைத்ததும் என் இடுப்பை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார்.

"மெதுவாப் போங்க சாமி, கீழ உழுந்தா ரெண்டு பேருக்கும் மருந்து போட ஆளில்லீங்க!"

அவர் சிரிக்கச் சொன்னாரோ என்னவோ, எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடலைக்காட்டுக்கு நடுவே வண்டித்தடம். மணலில் சக்கரம் புதையும், இறங்கித் தள்ளுவோம், மறுபடி ஏறுவோம். பொழுது உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. மத்தியானச் சோறு என்ற நினைப்பே என்னைத் துரத்தியது. "முருகா, நான் போய்ச் சேரும்வரை அந்த வீட்டில் யாரும் உலை வைக்கக் கூடாது" என்று வேண்டிக்கொண்டேன். இப்படி ஒரு வேண்டுதலை அவன் அதற்கு முன் கேட்டிருப்பானா தெரியாது.

ஊருக்குள் நுழையும்போது கோயில் வாசலில் மஞ்சள் பூசிய கம்பத்துக்குப் பெண்கள் தண்ணீர் ஊற்றிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். செங்கோடன் வீட்டு வாசலில் வேப்பந்தழை. கையில் காப்போடு அவர் அண்ணன் குறுக்கே வந்து நின்றார். மீசை நரைத்த ஆஜானுபாகு.

"ஏனுங்க கம்பண்டரே, ஆத்தா ஊட்டுக்குள்ள வந்திருக்கறா. இப்பப் போயி சீசாவத் தூக்கிட்டு வந்திருக்கறீங்க? நெத்தியில மட்டும் துன்னூறு பட்டையாப் போட்டுருக்குது!"

அண்ணன் எதிரில் செங்கோடன் தலையைக் குனிந்துகொண்டார். அந்த இடத்தில் நான் உள்ளதைச் சொல்லியிருந்தால் அவர் ஊருக்கு முன்னால் குற்றவாளி ஆகியிருப்பார். அந்த இன்னொரு கையும் பயந்துபோய் உண்மையைச் சொல்லாது. எனக்கு வேண்டியது உண்மை. அதுவும் உடனே வேண்டும்.

"சீசாவைக் கொண்டுவரவில்லைங்க பெரியவரே. இங்கே இருக்கிற சீசாவை எடுத்துக்கொண்டு போகத்தான் வந்தேன்" என்றேன். அதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை.

பெரியவர் முகம் மாறியது. "அப்பிடிச் சொல்லுங்க! அதுதானுங்க முறை. டேய் செங்கோடா, வந்த ஒறம்பரைக்கு மோரு கொண்டாடா. மொதல்ல சீசாவ எடுத்துக் குடு."

"புள்ளையும் பாவாயியும் எங்கீங்கண்ணா?" என்றார் செங்கோடன்.

"சித்த மிந்திதான் புள்ளைக்கு ரெண்டு வாய் கஞ்சி ஊட்டுனா. கன்னுக்குட்டிக்குத் தண்ணி காட்டோணும்னு கொட்டாய்க்குக் கூட்டிட்டுப் போனா."

நான் ஓடினேன். இப்போது என் வயசைப் பார்த்து, இவர் ஓடினாரா என்று சிரிப்பீர்கள். அப்போது எனக்கு முப்பதுதான், இருந்தாலும் மூச்சு அடைத்தது. கொட்டாய்க்குள் இருட்டாக இருந்தது. காவேரி வைக்கோல்மேல் உட்கார்ந்திருந்தாள். இமை இரண்டும் வீங்கியிருந்தன. பாவாயி ஒரு கையில் கரண்டியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கண்ணாடிக் குழாயை அமுக்கிக்கொண்டிருந்தாள். உதடு சத்தமில்லாமல் எண்ணிக்கொண்டிருந்தது.

கத்தியிருந்தால் பயத்தில் கரண்டியைப் பெண்ணின் வாயில் கவிழ்த்திருப்பாள். நிதானமாகவே சொன்னேன். "அம்மணி, அதைக் கீழே ஊற்றிவிடுங்க."

அவள் திரும்பினாள். கரண்டி கையில் ஆடி, சொட்டுகள் வைக்கோலில் விழுந்தன. "ஐயோ சாமி, கடைசி மருந்துங்க அது!" என்றவள், எனக்குப் பின்னால் யார் வருகிறார் என்று பார்த்ததும் அப்படியே நின்றாள்.

செங்கோடன் வாசலில் நின்றிருந்தார்.

"பாவாயி... நீயா?"

"உங்க அண்ணன் நிறுத்தச் சொன்னதுக்கு நீங்க சரின்னுட்டீங்க. எனக்கு அப்பிடி இருக்க முடியிலீங்க. டம்ளரைப் புடிக்க ஆரம்பிச்சாளுங்களே..." பேசிக்கொண்டே போனவள் நின்றாள். "நீங்க எதுக்கு மத்தியான நேரத்துல கொட்டாய்க்கு வாரீங்க?"

அவர் கண் கூரையில் சீசா சொருகும் இடத்துக்குப் போனது. அவள் முகத்தில் ரத்தம் வற்றியதை நான் பார்த்தேன். "சீசா சுண்டறதைப் பாத்துட்டு வெயிலுக்கு ஆவியாப் போகுதுன்னு இருந்தனுங்களே! சாமி, என்ற புள்ளைய நானே கொன்னுப்போட்டனா?"

"இல்லை அம்மணி" என்றேன். குரல் கெட்டியாக வந்தது. மனசுக்குள் எனக்கே நிச்சயமில்லை. குழந்தையின் நாடியைப் பிடித்தேன். வேகமாக ஓடியது, ஆனால் இழை அறுபடவில்லை. வயிற்றைத் தடவினேன். நாக்கைப் பார்த்தேன். வெளுத்திருந்தது. விரல் நுனியில் குத்துகிறதா என்றேன். "எறும்பு ஊர்ற மாதிரி இருக்குதுங்க" என்றாள் காவேரி.

"காலையில் அம்மா கொடுத்தாளா, கண்ணு?"

குழந்தை அப்பாவைப் பார்த்தது, அம்மாவைப் பார்த்தது. இருவருக்கும் கொடுத்த வாக்கு அதன் கண்ணில் தெரிந்தது.

"சொல்லு சாமி. இனி யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க" என்றார் செங்கோடன்.

"காலையில இல்லீங்க. நேத்து ரெண்டு பேரும் குடுத்தாங்க. அப்பா குடுக்கறப்ப அம்மாகிட்டச் சொல்லக் கூடாதுன்னாங்க. அம்மா குடுக்கறப்ப அப்பாகிட்டச் சொல்லக் கூடாதுன்னாங்க. ரெண்டு பேருமே அழுதுட்டேதானுங்க குடுத்தாங்க. நா வேண்டான்னா இன்னும் அழுவாங்கன்னு முழுங்கிட்டனுங்க."

தம்பிகளே, அந்த நேரத்தில் புருஷனும் பெண்சாதியும் ஒருவரையொருவர் ஏசவில்லை. பாவாயி கரண்டியை வைக்கோலில் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான்.

பால் கொடுக்கச் சொன்னேன். பாலைக் குமட்டினாலும் விடாமல் சிறுகச் சிறுகக் கொடுக்கச் சொன்னேன். சீசாவை என் பைக்குள் வைத்துக்கொண்டேன். ஆனால் அது போதாது. டாக்டர் கண்ணால் பார்க்க வேண்டும். இரவுக்குள் வயிற்றோட்டம் கண்டால் இந்தக் காட்டுக்குள் என்ன செய்வது? பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், அங்கே இரவு தங்க வேண்டும். காப்புக் கட்டிய பெரியவர் அதற்கு எப்படிச் சம்மதிப்பார்?

அவரைத் தனியே கூப்பிட்டேன். யார் கொடுத்தார்கள் என்று சொல்லவில்லை. மருந்து அளவுக்குமேல் போய்விட்டது, இது அம்மை அல்ல, டாக்டர் பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்று என்னால் சொல்ல முடியாது என்று மட்டும் சொன்னேன். "நானும் ஆத்தாளைக் கும்பிடுகிறவன்தான். முறையை மீறச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் இந்தப் பெண்ணை இங்கே விட்டுவிட்டுப் போகவும் எனக்குக் கால் வரவில்லைங்க."

பெரியவர் கொட்டாய்ப் பக்கம் பார்த்தார். எல்லாம் அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். தம்பியைக் கேள்வி கேட்கவில்லை. உள்ளே போய்ச் செம்பில் கம்பத்துத் தண்ணீர் கொண்டுவந்து, காவேரியின் தலையில் தெளித்தார்.

"முறை சொல்றது என்ற வேலைங்க. சொல்லித்தான் தீரோணும். ஆனா ஊட்டுல ஒரே பொம்பளப் புள்ளைங்க இது. ஆத்தாளே தாட்டி விடறான்னு நெனைச்சுக்கிட்டுக் கூட்டிட்டுப் போங்க. கேக்கறவனுக்கு நா பதில் சொல்லிக்கறேன்." பிறகு தம்பியைப் பார்த்து, "எருமையாட்டம் நிக்கறியேடா, வண்டியப் பூட்டு!" என்றார்.

அன்று சாயங்காலம் காவேரியை ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் பாயைப் போட்டுப் படுக்கவைத்தோம். இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். ஒவ்வொரு தடவையும் பாவாயி என் முகத்தைப் பார்ப்பாள்; நான் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு, உள்ளே போய்ச் சுவரில் சாய்ந்துகொள்வேன். மறுநாள் மத்தியானம் டாக்டர் வந்து பார்த்து, "சீசா முடிந்ததே நல்லதாகப் போயிற்று" என்றார். நான் வேறொரு சீசா கொடுத்து அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இத்தனை வருஷத்தில் எனக்கு நானே கேட்டுக்கொண்டது போதும்.

இமை வீக்கம் வடிந்து, நாக்கு தெளிந்து, நன்றாகச் சாப்பிட ஆரம்பித்தாள். அதற்குள் ஊரில் கம்பமும் பிடுங்கி நோம்பி முடிந்திருந்தது. கைகால் துடிப்போ மெல்லத் திரும்பியது. மருந்து இல்லாமல் ஆகாது, மறுபடி முதல் படியிலிருந்தே தொடங்க வேண்டும் என்று டாக்டர் முடிவு செய்தார். நான் இந்த முறை ஒரு சந்தைக்கு மட்டும் அளந்தேன். அளந்து முடித்துவிட்டு, அதுவரை யாரிடமும் கேட்காத ஒரு கேள்வியைக் கேட்டேன். அன்றிலிருந்து ஏற்றிக் கொடுக்கும் மருந்து எதுவானாலும் அதைக் கேட்காமல் சீசாவை நான் கையைவிட்டு அனுப்பியதில்லை. உங்களிடமும் அதைத்தான் கேட்டுக்கொள்கிறேன். எத்தனை நாள், எத்தனை சொட்டு என்பதோடு நின்றுவிடாதீர்கள். வீட்டில் யார் கையால் கொடுப்பார்கள் என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை காத்திருங்கள்.

செங்கோடனும் பாவாயியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு செங்கோடன், "நா சொட்டு உடறனுங்க. அவ சத்தமா எண்ணட்டும். ஒருத்தர் இல்லாம ஒருத்தர் சீசாவத் தொட மாட்டமுங்க" என்றார்.

"இங்கேயே ஒரு தடவை கொடுத்துக் காட்டுங்கள்" என்றேன்.

தாழ்வாரத்தில் மூவரும் உட்கார்ந்தார்கள். காவேரி கரண்டியைத் தானே பிடித்துக்கொள்வேன் என்று அடம்பிடித்து வாங்கிக்கொண்டாள். கரண்டி ஆடியது. அவள் விடவில்லை. செங்கோடன் குழாயை அமுக்கினார். "ஒண்ணு" என்றாள் பாவாயி, தெருவுக்கே கேட்கும்படி. "ரெண்டு." "மூணு."

செங்கோடனின் கை இன்னும் கரண்டிக்குமேலேயே நின்றது. காவேரி கரண்டியைச் சட்டென்று பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு, அப்பாவை நிமிர்ந்து பார்த்து, "போதுமுங்கப்பா" என்றாள்.